பூவா, தலையா? அச்சில் வந்த அரசியரின் கதை

சுவா சூ காங்கில் வசிக்கும் பாட்டி ஒருவர், பேத்தியின் திருமணத்துக்கு நகை பார்க்கச் சிராங்கூன் சாலைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்ஆர்டியில் ஏறி, வழியில் ரயில் மாறி, லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, கடைப்படி ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சவரன் இன்றைக்கு என்ன விலை?" என்பதாகத்தான் இருக்கும். கடைக்காரர் கிராம் கணக்கில் பதில் சொல்வார். பாட்டி அதை மனத்துக்குள்ளேயே எட்டால் பெருக்கிக்கொள்வார்.

இந்தச் சின்ன உரையாடலுக்குள் ஓர் அரசர் ஒளிந்திருக்கிறார். சவரன் என்பது 'சாவரின்' என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயர். அந்தச் சொல்லுக்கு முடிசூடி ஆள்பவர் என்று பொருள். 1817ஆம் ஆண்டு முதல் இன்றைய வடிவில் அச்சாகும் அந்த நாணயத்தின் எடை 7.98 கிராம். ஒரு பக்கத்தில் ஆளும் அரசரின் அல்லது அரசியின் தலை இருக்கும். நம்மவர் அதை எட்டு கிராமாக்கி, 'சவரன்' என்றும் 'பவுன்' என்றும் தமிழாக்கித் தாலிக்கொடி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அஞ்சல் அலுவலகத்துக்குப் போனாலும் இதே கதைதான். 'தபால் தலை' என்ற சொல்லிலேயே தலை இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் காசைச் சுண்டிவிட்டு, "பூவா, தலையா?" என்று கேட்கும்போதும் அரச முகம் ஒன்று காற்றில் சுழல்கிறது. 1862 முதல் அச்சான விக்டோரியா ரூபாயை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முடி சூடிய அரசி. மறுபக்கம் பூவேலைப்பாட்டு வளையம், அதற்குள் காசின் மதிப்பு. தமிழரசர்களும் காசு அடித்தவர்கள்தாம். ராஜராஜ சோழனின் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உண்டு. இலங்கை மன்னர்கள்கூட அதே அச்சைப் பார்த்துத் தங்கள் காசை அடித்தார்கள். ஆனால் அந்த உருவத்தைப் பார்த்து ராஜராஜனை வீதியில் அடையாளம் கண்டிருக்க முடியாது. அது ஆளின் முகம் அல்ல, அதிகாரத்தின் முத்திரை. இவர்தான் அரசி என்று கடைக்கோடி மனிதனும் தெரிந்துகொள்ளும்படி ஒரே முகத்தைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டியது அச்சு எந்திரத்தின் வேலை.

அந்த வேலையைத்தான் 1985ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் ஓவியர் கையில் எடுத்தார். அவர் பெயர் ஆண்டி வார்ஹோல். சூப் டின்னையும் மர்லின் மன்றோவையும் வரிசை வரிசையாகப் படமாக்கியவர் என்றால் பலருக்கு நினைவுக்கு வரும். கடைப் பொருளையும் விளம்பரத்தையும் சினிமா நட்சத்திரத்தையும் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்த 'பாப் ஆர்ட்' பாணியின் முன்னோடி அவர். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'ரெயினிங் குவீன்ஸ்', அதாவது 'ஆட்சியிலிருக்கும் அரசியர்' என்று பெயர். பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத், நெதர்லாந்தின் பெயாட்ரிக்ஸ், டென்மார்க்கின் இரண்டாம் மார்கரெத்த, தென் ஆப்பிரிக்காவை ஒட்டிய சுவாசிலாந்தின் ந்டோம்பி ட்வாலா ஆகிய நால்வர் அதில் இடம்பெற்றார்கள். ஆளுக்கு நான்கு நிறங்களில் நான்கு படம், மொத்தம் 16. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம், 80 செண்டிமீட்டர் அகலம். ஒவ்வொரு படத்துக்கும் 40 பிரதிகள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜார்ஜ் மல்டர் வெளியிட, ரூபர்ட் ஜேசன் ஸ்மித் அச்சிட்டார்.

இவை தவிர, 30 பிரதிகள் கொண்ட ஒரு சிறப்புப் பதிப்பும் உண்டு. 'ராயல் எடிஷன்' என்று பெயர். ஈரமான மையின் மீது வைரத்தூள் தூவிய படங்கள் அவை. வைரம் என்றதும் கண்ணை அகல விரிக்க வேண்டாம். வார்ஹோல் முதலில் உண்மையான வைரத்தூளைத்தான் முயன்று பார்த்தார். அது சுண்ணாம்புத் தூள் போல மங்கலாக இருந்ததால், பொடித்த கண்ணாடியைத் தூவ ஆரம்பித்தார். அதுதான் நன்றாக மின்னியது!

படம் எப்படித் தயாரானது? நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இது புதிதல்ல. மரச் சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டுவார்கள். முன்பு பட்டுத் துணி, பிறகு நைலான். அதன் மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசிப் புகைப்படத்தைப் பதிப்பார்கள். படத்தின் கரிய பகுதிகளில் மட்டும் துணியின் கண்கள் திறந்திருக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் கீழே உள்ள தாளில் படம் விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம். இதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். பிள்ளையார் படமும் மணமக்கள் பெயரும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, சட்டங்களைத் துல்லியமாகப் பொருத்துவதில்தான் அச்சகத்துக்காரரின் திறமை இருக்கிறது. வார்ஹோலோ வேண்டுமென்றே பொருத்தாமல் விட்டார். அரசியின் முகத்தின் மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் வெட்டிய காகிதத் துண்டுகள் போல நிறங்கள் நழுவி நிற்கும். கண்ணும் உதடும் முடியும் நகையும் கையால் வரைந்த கோட்டில் தனியாக ஓடும். நம்மூர் வாடிக்கையாளர் என்றால் பணம் தர மறுத்திருப்பார்!

அந்த நான்கு பேரில் யாரும் வார்ஹோலுக்கு முன்னால் வந்து உட்காரவில்லை என்பதுதான் இதில் முக்கியம். எலிசபெத்தின் படத்துக்கு அவர் பயன்படுத்தியது பீட்டர் க்ரூஜன் என்பவர் 1975ல் விண்ட்சர் கோட்டையில் எடுத்த புகைப்படம். 1977ல் அரசியின் வெள்ளிவிழாவுக்காக வெளியிடப்பட்டு உலகம் முழுதும் சுற்றிய அதிகாரபூர்வப் படம் அது. தலையில் விளாடிமிர் மகுடம், கழுத்தில் விக்டோரியா அரசியின் பொன்விழா அட்டிகை, மார்பில் பட்டை, அதில் தந்தை ஆறாம் ஜார்ஜ், பாட்டனார் ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் சிறு உருவங்கள் கொண்ட பதக்கங்கள். படத்துக்குள் படம்! வார்ஹோல் அந்தப் பதக்கங்களை எல்லாம் தட்டையான நிறத்துக்குள் அமிழ்த்திவிட்டு முகத்தை மட்டும் மிதக்கவிட்டார்.

அரசவை ஓவியர் என்றால் அரசி நாள் குறித்துக் கொடுக்க வேண்டும், மணிக்கணக்கில் அமர வேண்டும். ஓவியர் அந்த ஒரு ஆளை மட்டும் பார்த்து வரைவார். வார்ஹோலுக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை. மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த படம் போதுமானதாக இருந்தது. படத்தின் படம். இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. ஆனால் அரச முகம் மக்களுக்கு எப்போதுமே இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சிற்பி ஆர்னல்ட் மேச்சின் வடித்த எலிசபெத்தின் தலை 1967ல் பிரிட்டிஷ் தபால் தலையில் ஏறியது. அதிலிருந்து அந்த ஒரே உருவம் 20,000 கோடி பிரதிகளுக்கும் மேல் அச்சாகியுள்ளது. வார்ஹோலின் 40 பிரதிகள் அதன் முன்னால் எம்மாத்திரம்?

வார்ஹோலின் பயணமே அங்கிருந்துதான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1962ன் தொடக்கத்தில், மர்லினுக்கும் முன்னதாக, அவர் பட்டுத்திரையில் முதலில் அச்சிட்டது அமெரிக்க ஒரு டாலர் நோட்டை. 200 நோட்டு, 200 ஜார்ஜ் வாஷிங்டன் முகம், ஒரே துணியில். அந்தப் படம் 2009ல் சோத்பீஸ் ஏலத்தில் 4 கோடியே 38 லட்சம் டாலருக்குப் போனது. 200 டாலர் மதிப்புள்ள படத்துக்கு அவ்வளவு விலை! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964ல், அவர் வரிசையாக அச்சிட்டது பூக்களை. காசிலிருந்து தலையை எடுத்தவர் அடுத்துப் பூவையும் எடுத்துக்கொண்டார்.

தலையைப் பெருக்குவது கலைஞனுக்கு விளையாட்டாக இருக்கலாம். அந்தத் தலைக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. அதற்கு சிங்கப்பூரை விடச் சிறந்த சாட்சி கிடைப்பது கடினம்.

1867 ஏப்ரல் முதல் தேதி, சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாக லண்டனின் கீழ் வந்தன. அதுவரை இங்கு ஒட்டப்பட்டவை கல்கத்தாவிலிருந்து வந்த இந்தியத் தபால் தலைகள். அணாவில் விலை, நடுவில் விக்டோரியா. இங்கே புழங்கியதோ வெள்ளியும் காசும். புதுத் தபால் தலை அச்சாகி வர மாதங்கள் பிடிக்கும். என்ன செய்தார்கள்? செப்டம்பர் முதல் தேதி, அதே இந்தியத் தபால் தலைகளின் மேல் ஒரு மகுடத்தையும் புதிய விலையையும் அடித்து விற்றார்கள். ஒரு முகம், அதன் மேல் இன்னொரு அச்சு. இந்தியாவின் விக்டோரியா ஒரே நாளில் நீரிணைக் குடியேற்றங்களின் விக்டோரியா ஆனார். ஆள் மாறவில்லை, முகம் மாறவில்லை, மேலே விழுந்த மை மட்டும் மாறியது. வார்ஹோல் பிறப்பதற்கு 61 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த சங்கதி இது.

அடுத்த அச்சு அவ்வளவு சாதுவாக விழவில்லை.

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்து தீவின் வடமேற்குக் கரையில், சரிம்பூன் பக்கம் இறங்கியது. அங்கே காவலிருந்தது ஆஸ்திரேலியாவின் 22ஆவது படைப்பிரிவு. மறுநாளே தெங்கா விமானத்தளம் கைமாறியது. இன்று அடுக்குமாடி வீடுகளும் லாட் ஒன் கடைத்தொகுதியும் நிற்கும் சுவா சூ காங் வட்டாரம் அப்போது தோட்டமும் கம்பமுமாக இருந்தது. சுவா சூ காங் சாலை வழியாகத்தான் போர் நகரை நோக்கி நகர்ந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி, அங்கிருந்து சற்றுத் தொலைவில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தார்.

ஒரு மாதம் கழித்து, மார்ச்சில், அஞ்சல் சேவை மீண்டும் தொடங்கியது. ஜப்பானியர்களிடமும் உடனே புதுத் தபால் தலை இல்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் போட்ட பழைய தபால் தலைகள்தாம் கிடங்கில் கிடந்தன. அவற்றின் மேல் ஜப்பானிய எழுத்துகள் கொண்ட சதுர முத்திரையைக் குத்தினார்கள். சிலவற்றில் சிவப்பு மை, சிலவற்றில் கறுப்பு மை. மலாயா ராணுவ நிர்வாகத்தின் அஞ்சல் முத்திரை அது. மன்னரின் முகத்துக்கு நேராகவே முத்திரை விழுந்தது. பிறகு வேறு தபால் தலைகளின் மேல் 'டாய் நிப்பான் 2602' என்று அடித்தார்கள். 2602 என்பது ஜப்பானியப் பேரரசுக் கணக்கின்படி 1942. மன்னரை அழிக்கவில்லை, நீக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு மேலே எழுதினார்கள். அழித்திருந்தால்கூட இத்தனை இழிவு தோன்றியிருக்காது.

ஜப்பானியர் காலத்தைக் கண்ட நம் முன்னோர் அதிகம் பேசியது வாழைமர நோட்டைப் பற்றித்தான். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரமும் குலையும் இருந்ததால் வந்த பெயர். ஆட்சியாளரின் தலை கிடையாது. மதிப்பும் கிடையாது என்பது 1945ல் தெரிந்தது. கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தவர்கள் கையில் வெறும் காகிதம் எஞ்சியது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். அடுத்த மாதமே தபால் தலை வந்தது. அதே ஆறாம் ஜார்ஜ், அதே படம். இந்த முறை மேலே விழுந்தவை 'பிஎம்ஏ மலாயா' என்ற எழுத்துகள். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் என்பதன் சுருக்கம். ஆக, நான்கே ஆண்டுகளுக்குள் ஒரே முகம் மூன்று விதமாக மக்கள் கைக்கு வந்தது. வெறும் முகமாக, ஜப்பானிய முத்திரையோடு, பிஎம்ஏ எழுத்தோடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறம் நழுவிய வார்ஹோல் படங்கள் போலவே தோன்றும். வித்தியாசம் ஒன்றுதான். வார்ஹோலின் படத்தில் மேலே விழுந்தது ஒரு கலைஞனின் விருப்பம். இங்கே ஒவ்வொரு மை விழுந்தபோதும் அதற்குக் கீழே சயாம் மரண ரயில் பாதைக்குப் போன தமிழ்த் தொழிலாளியும், பட்டினி கிடந்த குடும்பமும், திரும்பி வராத மகனுக்குக் கடிதம் எழுதிய தாயும் இருந்தார்கள். மன்னரின் முகம் பாதுகாப்பின் அடையாளம் என்று நம்பியிருந்த தலைமுறைக்கு, அந்த முகத்தின் மேலேயே யார் வேண்டுமானாலும் முத்திரை குத்தலாம் என்பது தெரிந்துபோனது. அதற்குப் பிறகு அந்த முகம் பழைய முகமாக இருக்கவில்லை. அரசியல் வரலாற்று நூல்கள் சுதந்திர வேட்கைக்குப் பல காரணங்களை எழுதுகின்றன. அவற்றோடு எட்டுக் காசுத் தபால் தலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு தலை மெல்ல விலகியதை நோட்டுகளிலேயே படிக்கலாம். 1953 தேதியிட்ட மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டில் இளம் அரசி எலிசபெத் இருந்தார். 1959 தேதியிட்ட ஒரு வெள்ளி நோட்டில் பாய்மரப் படகு வந்தது. 1961 தேதியிட்ட பத்து வெள்ளி நோட்டில் எருமை பூட்டி உழும் உழவர். விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1967ல் தன் சொந்த நோட்டை வெளியிட்டபோது அதில் யார் தலையையும் போடவில்லை. ஆர்க்கிட் மலரைப் போட்டது. ஒரு வெள்ளி நோட்டின் பின்பக்கம் அடுக்குமாடி வீடுகள்! "பூவா, தலையா?" என்ற கேள்விக்கு ஒரு நாடே "பூ" என்று பதில் சொன்னது போல.

அந்தப் பதில் கொஞ்ச காலம் நிலைத்தது. அடுத்து நோட்டில் பறவைகள், அதற்கடுத்து கப்பல்கள். வார்ஹோல் அரசியரை அச்சிட்ட அதே 1985ல் சிங்கப்பூரின் இரண்டாவது நாணய வரிசை வந்தது. ஒரு காசில் வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட், ஒரு வெள்ளியில் நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணி. மறுபக்கம் அரசுச் சின்னம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் நாணயத்தைச் சுண்டி "பூவா, தலையா?" என்று கேட்டால் பூ இருந்தது, தலை இல்லை. 2013ல் வந்த மூன்றாவது வரிசையில் மெர்லயனும் சாங்கியும் துறைமுகமும் வந்துவிட்டன.

நோட்டில் மட்டும் 1999ல் ஒரு முகம் திரும்பி வந்தது. முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம். இரண்டு வெள்ளி முதல் பத்தாயிரம் வெள்ளி வரை எல்லா நோட்டிலும் அவரே. முடிசூடிய அரசரல்ல. 1939ல் 'உத்துசான் மெலாயு' நாளிதழைத் தொடங்கியவர், பத்திரிகைக்காரர். அந்த நோட்டு வெளியாவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே காலமானவர். ஆட்சியில் இருப்பவரின் முகத்தைப் போடாமல், மறைந்துவிட்ட ஒருவரின் முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

எலிசபெத் அரசி சிங்கப்பூருக்கு முதன்முறையாக வந்தது 1972 பிப்ரவரியில். தோ பாயோவில் ஒரு வீவக வீட்டுக்குள் சென்று குடும்பத்தாரைப் பார்த்தார். அதற்குள் நோட்டிலிருந்து அவர் முகம் போய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முகம் ஆண்ட காலத்தில் ஆள் வரவில்லை. ஆள் வந்தபோது முகம் ஆளவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். காசிலும் தபால் தலையிலும் அரசர் முகம் இருந்தாலும், தமிழர் வீட்டுச் சுவரில் ஏன் அது பெரிதாக இடம் பிடிக்கவில்லை? சுவர் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்பதே பதில். நிரப்பியவர் ரவி வர்மா. கிளிமானூரில் 1848ல் பிறந்த அவர், திருவாங்கூர், மைசூர், பரோடா அரண்மனைகளுக்கு அரசர்களின் உருவப்படங்களை வரைந்து பெயர் பெற்றவர். அந்தப் படங்கள் அரண்மனைக்குள்ளேயே நின்றுவிட்டன. கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்த டி. மாதவ ராவ் 1884ல் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக்குங்கள், நாட்டுக்கே சேவையாக இருக்கும் என்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1894ல், ரவி வர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். அங்கே பெருக்கியது ராஜாக்களை அல்ல. லட்சுமியையும் சரஸ்வதியையும். ஆனால் அந்த லட்சுமியைக் கூர்ந்து பாருங்கள். பட்டுச் சேலை, ஒட்டியாணம், அட்டிகை, நிமிர்ந்த பார்வை. அரண்மனையில் அரசியரைப் பார்த்துப் பழகிய கண் வரைந்த தெய்வம் அது. அரசியை வீதிக்குக் கொண்டுவராமல், அரசியின் கோலத்தைத் தெய்வத்துக்குக் கொடுத்து வீட்டுக்குள் அனுப்பிவிட்டார். சிவகாசி நாட்காட்டிகள் அந்த முகத்தை எடுத்துக்கொண்டன. தேக்காவின் பூசைப் பொருள் கடைகளில் இன்றும் அதன் வாரிசுகள் தொங்குகின்றன. வார்ஹோல் ஒரு மனித முகத்தை மினுமினுக்கும் தூளால் தெய்வமாக்கப் பார்த்தார். ரவி வர்மாவின் தெய்வங்களுக்கும் நம் வீட்டுப் பெண்கள் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்தார்கள். தூள் தூவுவது யார் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் நியூயார்க்கைக் காட்ட வேண்டாம்.

மீண்டும் அந்த நான்கு அரசியருக்கு வருவோம். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் லியோ காஸ்டெல்லி கலைக்கூடத்தில் படங்கள் காட்சிக்கு வந்தபோது வார்ஹோல் மகிழவில்லை. இவை ஐரோப்பாவுக்கு மட்டும் என்றிருந்தேன், அமெரிக்காவில் அரச குடும்பத்தைப் பற்றி யாருக்கு அக்கறை என்ற பொருளில் தம் நாட்குறிப்பில் நொந்துகொண்டார். 1987ல் மறைந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 2012ல், எலிசபெத்தின் வைரவிழா ஆண்டில், பிரிட்டிஷ் அரசக் கலைச் சேகரிப்பு அந்த வைரத்தூள் பதிப்பிலிருந்து எலிசபெத்தின் நான்கு படங்களையும் விலைக்கு வாங்கி விண்ட்சர் கோட்டையில் மாட்டியது. மூலப் புகைப்படம் எடுக்கப்பட்ட அதே கோட்டை! அரசி அமரவில்லை, ஆணையிடவில்லை. ஆனாலும் படம் வீடு வந்து சேர்ந்தது.

அதே 2012ல் சிங்கப்பூரின் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் வார்ஹோலின் பெரிய கண்காட்சி நடந்தது. இங்கிருந்து ஆசிய நகரங்களுக்குச் சென்ற அந்தக் கண்காட்சி, 2013ல் ஷாங்காயையும் பெய்ஜிங்கையும் அடைந்தபோது அதில் மாவோவின் படங்கள் இல்லை. நிறம் பூசிய முகத்தை எல்லாரும் எலிசபெத்தைப் போலச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வதில்லை.

'ஆட்சியிலிருக்கும் அரசியர்' என்ற தலைப்பை இன்று வாசித்தால் என்ன தெரிகிறது? பெயாட்ரிக்ஸ் 2013ல் மகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு விலகினார். எலிசபெத் 2022 செப்டம்பரில் மறைந்தார். இரண்டு மாதத்தில் அவருடைய வைரத்தூள் படம் ஒன்று கனடாவில் 11 லட்சம் கனடிய டாலருக்கும் அதிகமாக ஏலம் போனது. மார்கரெத்த 2024 ஜனவரியில் பதவி விலகினார்.

நான்காமவரைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. ந்டோம்பியின் கணவர் இரண்டாம் சோபூசா, 1982ல் மறைந்தார். மகன் சிறுவன். அதனால் 1983 முதல் ந்டோம்பி ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தார். வார்ஹோல் படம் செய்த அடுத்த ஆண்டே, 1986 ஏப்ரலில், 18 வயது மகன் மூன்றாம் முசுவாட்டி முடிசூடினார். நால்வரில் மிகக் குறுகிய காலம் ஆண்டவர் அவர்தான். கலைச் சந்தையிலும் எலிசபெத்தின் படத்துக்கே விலை அதிகம். பலர் வார்ஹோலின் அரசியர் என்றால் மூன்று ஐரோப்பிய முகங்களைத்தான் நினைப்பார்கள். ஒரு கறுப்பின அரசியை மற்ற மூவருக்கும் சமமான அளவில், சமமான எண்ணிக்கையில், அதே வைரத்தூளோடு அச்சிட்டது அந்தத் தொகுப்பின் பெரிய காரியம் என்பதை விமர்சகர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். அரசரின் தாய்க்கும் அரியணையில் பங்குண்டு என்பது அந்நாட்டு மரபு. அந்த மரபின்படி அவர் இன்னும் அரசிப் பட்டத்தோடு இருக்கிறார். நாட்டின் பெயர்தான் 2018ல் எஸ்வாட்டினி என்று மாறிவிட்டது.

லண்டனில் சாவரின் நாணயத்தின் மேல் 2022 முதல் மூன்றாம் சார்ல்ஸின் தலை. சிராங்கூன் சாலைக் கடையில் பாட்டி தேர்ந்தெடுத்த சங்கிலியைத் தராசில் வைக்கிறார் கடைக்காரர். மூன்று சவரன், 24 கிராம். சங்கிலியில் தலை எதுவும் இல்லை. கண்ணிக்குக் கண்ணி சின்னச் சின்னப் பூக்கள்.